அலுமாரிக்குப் பின்னால் ஒரு சுவர்

கல்முனைக்கு நான் போனது கடல் பார்க்க அல்ல, கல் பார்க்க. இதைச் சொன்னபோது நாகர்கோவிலில் எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. "சிலோன் வரைக்கும் போயி செங்கல்லயா படம் புடிக்கப் போற? நம்ம ஊர்ச் செங்கல் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நேரமில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். கட்டடக் கலை படித்த என் தோழி ஒருத்தி, கடலோர ஊர்களில் சாதாரண ஜனங்கள் எதைக் கொண்டு வீடு கட்டுகிறார்கள் என்று ஒரு புத்தகம் போடுகிறாள். படம் எடுக்கும் வேலை என்னுடையது. "கோயில் வேண்டாம், பள்ளிவாசல் வேண்டாம், கோட்டை கொத்தளம் வேண்டவே வேண்டாம். கல், மண், தகரம், வேலி, ஓடு போதும். அதுவும் வெயில்லயும் உப்புக்காத்துலயும் கெட்டுப்போனதா இருந்தா ரொம்ப நல்லது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஆகவே நான் ஊர் ஊராகப் போய் நல்ல வீட்டில் கெட்ட சுவரைத் தேடுகிறவள். இந்தத் தொழிலில் யாரிடமும் நல்ல பெயர் வாங்க முடியாது.

மட்டக்களப்பிலிருந்து வந்த பஸ்ஸில் எள் போட்டால் விழாது. எனக்கு எப்படியோ ஜன்னலோரம் இடம் கிடைத்தது. களுவாஞ்சிக்குடி தாண்டியதும் ஒருவர் ஏறினார். தலையில் தொப்பி, கையில் அட்டை சுற்றிய பெரிய சுமை. நிற்க இடமில்லை. "கொஞ்சம் புடிச்சிக்கங்க தங்கச்சி" என்று சொல்லி என் மடியில் அதை வைத்துவிட்டார். அட்டை விலகியபோது பார்த்தேன், புத்தம் புதிய கழிப்பறைப் பீங்கான். இலங்கை மண்ணில் என் கைக்கு வந்த முதல் கட்டடப் பொருள் அதுதான். கல்முனை வரை அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தேன்.

"வீட்டுக்கா?" என்று கேட்டேன்.

"மகள்ட ஊட்டுக்கு" என்றார். பெருமையாகச் சொன்னாரா, அலுப்பாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்திருந்தது என்று நினைக்கிறேன்.

கல்முனையில் எனக்கு வாய்த்த ஆட்டோக்காரர் பெயர் அன்சார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் ஊரில் முஸ்லிம் கடைக்காரரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அதுவே அண்ணன் என்பதற்கான சொல். எனவே முதல் நிமிடத்திலேயே அவர் அன்சார் காக்கா ஆகிவிட்டார், நான் அவருக்கு மிஸ் ஆகிவிட்டேன். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்ல மிஸ்" என்றார்.

பிரதான வீதியில் நிறைய இரும்புக்கடைகள். துணிக்கடை, நகைக்கடை, பிறகு சீமெந்தும் கம்பியும் விற்கும் கடை, மறுபடி துணிக்கடை. எங்கள் ஊரில் இரும்புக்கடை ஊருக்கு வெளியே தூசியில் கிடக்கும். இங்கே கல்யாணச் சேலைக் கடைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்டு நிற்கிறது. உள்ளே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து டைல்ஸ் பார்க்கிறார்கள். ஒரு பெண் இரண்டு டைல்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது மங்கிப் போகும் உம்மா, மத்தத எடுப்பம்" என்று சொன்னாள். எங்கள் ஊரில் பட்டுப்புடவைக்குத்தான் அந்தப் பேச்சு.

அன்சார் காக்காதான் விளக்கினார். "இங்க பொம்புளப் புள்ளைக்கி ஊடு கட்டிக் குடுக்கணும் மிஸ். மாப்புள அந்த ஊட்டுக்குத்தான் வந்து இருப்பான்."

"அப்போ அப்பா அம்மா?"

"பின்னால ஒரு குசினியும் ஒரு அறையும் போட்டுட்டு ஒதுங்கிற." குசினி என்றால் சமையலறை.

"ரெண்டாவது பொண்ணு இருந்தா?"

அவர் ஆட்டோவை மெதுவாக்கி ஒரு வீட்டின் தலைப்பக்கத்தைக் காட்டினார். மொட்டைமாடியிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. "அதுக்குத்தான் கம்பிய வெட்டாம விட்டிரிக்கி. எனக்கு மூணு பொம்புளப் புள்ள. அதான் இந்த வயசிலயும் ஓட்டிக்கிட்டுத் திரியிறன்."

காயல்பட்டினத்தில் இப்படி உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பெண்ணுக்கு நகையைப் போட்டு அனுப்பிவிடுவார்கள், அதோடு சரி. நகை கண்ணுக்குத் தெரியாமல் அடகுக்கடைக்குப் போய்விடும். வீடு அப்படிப் போகாது. போகாத காரணத்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று குறை சொல்லலாம்.

மருதமுனையில் நெசவுக் கொட்டகைகளை எடுத்தேன். பாதிச் சுவர் கல், மேலே காற்று போக ஓட்டை வைத்த சீமெந்துக் கல், அதற்கும் மேலே தகரம். தறிச் சத்தம் அந்த ஓட்டைகள் வழியாகத் தெருவுக்கு வருகிறது. ஒரு தேநீர்க்கடையில் இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இரண்டு பேர் என்னைப் பற்றிப் பேசினார்கள்.

"சுவரப் படம் எடுக்கிறாவாம்."

"சுவர எடுத்து என்ன செய்யிற?"

"ஆருக்குத் தெரியும். இந்தியாவில சுவர் முடிஞ்சி போச்சாக்கும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீரை முடித்தேன். மத்தியானம் கடற்கரை மணலில் ஆட்டோவின் பின்சக்கரம் புதைந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் நாலைந்து பேர் வந்தார்கள். நான் இறங்கியிருக்க வேண்டும். காமிராப் பையை மணலில் வைக்க மனம் வராமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, என்னோடு சேர்த்து ஆட்டோவைத் தூக்கித் தார்ச்சாலையில் வைத்தார்கள். வைத்த பிறகுதான் ஒருவர், "மிஸ் நல்ல பாரம்" என்றார். அன்றிரவு எருமைத் தயிரைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் அது. குறைப்பது சுலபமாக இல்லை.

மறுநாள் சாய்ந்தமருது. கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், அதாவது சந்தில், ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஒரு வீட்டின் முன்னால் நான் தேடிய எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தன. சிப்பித் துண்டு மின்னும் மணல் குவியல், பாசி பிடித்த சீமெந்துக் கற்கள், கருங்கல் சல்லி, பழைய கதவு நிலை, மழைக்கு மூடிய பிளாஸ்டிக் விரிப்பு. வீடு முக்கால்வாசி முடிந்திருந்தது. முன்பக்கம் இரண்டு தூண், பளபளவென்று டைல்ஸ். பின்பக்கம் தகரத்தில் சாய்ப்பு இறக்கிய ஒற்றை அறை.

வாசலுக்கு ஓர் அம்மா வந்தார். ஐம்பது சொச்சம் வயது, தலையில் முக்காடு, கையில் மாவு. "வீட்டைப் படம் எடுக்கலாமா?" என்று கேட்டேன். காமிராவைப் பார்த்தார். கையைச் சேலையில் துடைத்தார்.

"எடுங்க தங்கச்சி. நீங்க வருவீங்க எண்டு தெரியும். முதல்ல உள்ள வாங்க, இரிங்க."

ஒளித்து வைத்துக் கதை சொல்லும் பழக்கம் எனக்கில்லை. எனவே மறுநாள்தான் எனக்குத் தெரியவந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவின் பெயர் பௌசியா. அவருடைய ஒரே மகள் றிஸ்னாவுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை கட்டாரில் வேலை செய்கிறார். வீடு திருப்தியாக இருந்தால்தான் நிக்காஹ்வுக்கு நாள் குறிப்பது என்று பேச்சு. "கட்டடம் தெரிஞ்ச ஒரு பொம்புளைய அனுப்புவம், அவ படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்புவா" என்று மாப்பிள்ளையின் மூத்த சகோதரி தொலைபேசியில் சொல்லியிருந்தார். அதே ஒழுங்கையில் போன வருடம் ஒரு சம்பந்தம் வீட்டுக் கூரையைக் குறை சொல்லி முறிந்திருந்தது. இந்த நிலைமையில் பெரிய காமிராவோடு ஒரு பொம்பளை வந்து, "வீட்டைப் படம் எடுக்கலாமா" என்று கேட்டால் அந்தத் தாய் என்னதான் நினைப்பார்?

எனக்கு இது எதுவும் தெரியாது. அன்சார் காக்கா ஊரெல்லாம் சொல்லி என் புகழ் பரவிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன். மனுஷ மனசின் கர்வத்துக்கு அளவே கிடையாது.

"இந்தியாவா நீங்க? ஓம் ஓம், கட்டாரில கூடுதலா இந்தியாக்காரங்கதானே" என்றார் பௌசியா ராத்தா. ராத்தா என்றால் அக்கா. சம்பந்தமில்லாமல் கட்டார் எதற்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. அதற்குள் என் முன்னால் வட்டலப்பம் வந்துவிட்டது. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது. ஒரு துண்டு முடிவதற்குள் அடுத்த துண்டு. எங்கள் ஊரில் ஒரு சுவரைப் படம் எடுக்கப் போனால் காவலாளி கம்பைத் தூக்குவான். இதல்லவா ஊர் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

றிஸ்னா அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறவள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். என்னை அன்ரி, அதாவது ஆன்ட்டி, என்று கூப்பிட்டாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினாள், அது பிடித்திருந்தது.

"இந்த டைல்ஸ எடுங்க தங்கச்சி" என்றார் ராத்தா. எடுத்தேன். "இந்தக் கதவு தேக்கு. ஓடாவி பாத்துப் பாத்துச் செஞ்சது." ஓடாவி என்பது தச்சர். கதவையும் எடுத்தேன். ஆனால் என் கண் வேறு எங்கோ அலைந்துகொண்டிருந்தது. தேக்குக் கதவும் புது டைல்ஸும் என் தோழிக்கு வேண்டாத சரக்கு.

கடல் பார்த்த பக்கம் ஓர் அறை. மணமக்களுக்கான அறை என்று றிஸ்னா கூச்சத்தோடு சொன்னாள். உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கிழக்குச் சுவரின் கீழ்ப்பாதி முழுக்க உப்புப் பூத்திருந்தது. வெள்ளை வெள்ளையாகப் பூச்சு உப்பி, உதிர்ந்து, அதற்குள் சிமெண்ட் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ஓரங்களில் நுண்ணிய பஞ்சு மாதிரி உப்பு. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்து ஒவ்வொரு பொரிவும் தனித்தனியாக நின்றது. என் பயணம் முழுவதிலும் அப்படி ஒரு சுவரை நான் பார்க்கவில்லை.

"ஐயோ, அற்புதம்! இதுதான் எனக்கு வேணும்" என்று கத்திவிட்டேன்.

ராத்தாவின் முகம் சட்டென்று வாடியது. எனக்கு அது அப்போது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

"இது ஒண்டுமில்ல தங்கச்சி. ஆத்து மண் கெடைக்காத நேரத்தில பூசினது. கடற்கர மண் கலந்து போச்சி. காஞ்சா சரியாகும்."

"சரியாகவே ஆகாது ராத்தா! உப்பு உள்ள இறங்கிருச்சு. இன்னும் நல்லா வரும் பாருங்க" என்றேன், ஏதோ ரோஜாச் செடியைப் பற்றிப் பேசுவது போல. மண்டியிட்டு எடுத்தேன், குப்புறப் படுத்து எடுத்தேன், கையால் தடவி உதிர்ந்த உப்பை உள்ளங்கையில் வைத்து எடுத்தேன். அவர் கதவருகே நின்றபடி, "மாமரத்தடிக்கி வாங்க, இளநி வெட்டச் சென்னன்", "முன்பக்கத் தூண எடுக்கலியே" என்று என்னை வெளியே இழுத்துக்கொண்டே இருந்தார். இங்கே சென்னன் என்றால் சொன்னேன். கடைசியில் பின்பக்கத் தகரச் சாய்ப்பையும் விடவில்லை. துரு நல்ல நிறத்தில் இருந்தது. நிக்காஹ் முடிந்ததும் அவரும் கணவரும் குடிபோகப் போகிற அறை அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. கணவர் ஆழ்கடல் வள்ளத்தில் போயிருந்தார், வர இன்னும் நாளாகும். வீட்டுப் பொறுப்பு முழுக்க இந்த அம்மாவின் தலையில்.

மத்தியானச் சோறும் போட்டுத்தான் விட்டார்கள். பாரை மீன், கத்தரிக்காய், சுண்டங்கீரை, மாசிச் சம்பல். இவ்வளவு சாப்பிட்டுவிட்டுச் சும்மா போகக்கூடாது என்று றிஸ்னாவின் நம்பரை வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் அறைக்கு வந்து படங்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டைல்ஸ், கதவு, தூண் எல்லாவற்றுக்கும் பிறகு, பெருமையோடு, உப்புச் சுவர். "இதுதான் எல்லாத்திலும் சிறந்தது" என்று ஒரு வரியும் போட்டேன். நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அடுத்த நாள் காலையில் தெற்கே போனோம். காரைதீவு தாண்டி வயல்வெளி தொடங்கும் இடத்தில் ஆட்டோ இருமியது, நின்றது. அன்சார் காக்கா ஏதோ ஒரு வயரைப் பிடுங்கி ஊதிக்கொண்டிருந்தார். நான் அறுவடை முடிந்த வரம்பில் நின்று கொக்குகளை எண்ணத் தொடங்கி, சலித்துப்போய் விட்டுவிட்டேன். அப்போது அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பேசப் பேச அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

போனை வைத்துவிட்டு, "மிஸ், ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே? நீங்க நிந்தவூர் மாப்புள ஊட்டு ஆளா?" என்றார்.

"எந்த மாப்பிள்ளை?"

அப்புறம்தான் எல்லாம் வெளிவந்தது. அவருடைய மனைவிக்கு அந்த ஒழுங்கையில் சொந்தம் உண்டு. "நேத்துப் பின்னேரத்திலேருந்து பௌசியா ராத்தா சோறு தண்ணி இல்லயாம். இந்தியாப் பொம்புள நல்லதெல்லாத்தயும் உட்டுட்டுக் கெட்ட சுவரத்தான் கிட்ட நிண்டு எடுத்தா, சம்பந்தம் முறியப் போகுது எண்டு அழுறாவாம்" என்றார்.

வட்டலப்பம், இளநீர், பாரை மீன், "நீங்க வருவீங்க எண்டு தெரியும்", எல்லாம் வரிசையாக வந்து கன்னத்தில் அறைந்தன. வெட்கமாக இருந்தது. அந்த அம்மா கெஞ்சக் கெஞ்ச நான் குப்புறப் படுத்து எடுத்தேனே! "ஆட்டோவைத் திருப்புங்க காக்கா" என்றேன். ஆட்டோ திரும்பும் நிலையில் இல்லை. நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வந்தது. அதன் பெட்டியில் மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்து நான் மட்டும் சாய்ந்தமருதுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் ஆட்கள் கை காட்டினார்கள். நான் யாருக்கும் கை காட்டவில்லை.

வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது. உள்ளே போனால், உப்புப் பூத்த சுவரில் மேசன் ஒருவர் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அறை நடுவில் ஒரு கனத்த மர அலுமாரி. அதை அந்தச் சுவரோரம் நிறுத்தத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் புரிந்தது. என்னைக் கண்டதும் பௌசியா ராத்தா திடுக்கிட்டு எழுந்தார். கண் சிவந்திருந்தது.

"ராத்தா, நான் அவங்க ஆள் இல்ல. மாப்பிள்ளை யாருன்னே எனக்குத் தெரியாது. நான் ஒரு புத்தகத்துக்காகச் சுவர் படம் எடுக்கிறவ. அவ்வளவுதான்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் சீமெந்து மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மெய்யாவா?"

"சத்தியமா."

"ரப்பே!" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அந்த வட்டலப்பத்த நான் என்னத்துக்குச் செஞ்ச?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவரே சிரித்துவிட்டார். மேசனும் சிரித்தார். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. "அல்ஹம்துலில்லாஹ், அப்ப அந்தப் படம் ஒருத்தருக்கும் போகல்ல. பாஸ், நீங்க பூசுங்க. காயட்டும், அலுமாரிய வெப்பம்" என்றார் ராத்தா. பாஸ் என்றால் இங்கே கைத்தொழில் தெரிந்த மேஸ்திரி.

அப்போதுதான் றிஸ்னா கதவருகே வந்தாள். கையில் போன்.

"போயிட்டு உம்மா."

"என்ன போயிட்டு?"

"படம். ராவு நான் அவருக்கு அனுப்பிட்டன்."

மேசன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா புள்ள?" ராத்தாவின் குரல் உடைந்தது. "உங்கட வாப்பா கடல்ல கெடந்து கட்டின ஊடு. ஒரு சுவரால நாசமாக்கிட்டியே!"

"இந்த அன்ரி அவங்கட ஆள் எண்டுதானே நானும் நெனச்சன்? அவ எப்பிடியும் அனுப்புவா. அவ அனுப்பி அவர் பாக்கிறத விட நாம அனுப்பிப் பாத்தா நல்லம்தானே" என்றாள் றிஸ்னா. "அதோட உம்மா, அவர் வந்து இருக்கப் போற ஊடு. என்னைக்காவது அலுமாரிய நகத்த மாட்டாரா?"

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதே நேரம் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலவும் இருந்தது. அவள் அனுப்பியது நான் எடுத்த படம். அதில் ஒவ்வொரு பொரிவும் எண்ணிவிடலாம் போல் அத்தனை தெளிவு.

"பாத்துட்டாரா?"

"பாத்துட்டார். ரெண்டு நீலக் கோடும் வந்துட்டு. பதில் இல்ல."

நான் கிளம்பப் பார்த்தேன். ராத்தா விடவில்லை. "இரிங்க தங்கச்சி. நீங்க எடுத்த படம்தானே. பதிலயும் பாத்துட்டுப் போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

காத்திருந்தோம். கட்டாரில் இப்போது வேலை நேரம், சாப்பாட்டு இடைவேளையில்தான் போனை எடுப்பார் என்றாள் றிஸ்னா. லுஹர் பாங்கு சொன்னது, தாயும் மகளும் தொழுதுவிட்டு வந்தார்கள். சோறு வந்தது. நேற்றைய விருந்து இல்லை, பருப்பும் கருவாடும். அதை மாப்பிள்ளை வீட்டு ஆளுக்குப் போட மாட்டார்கள். எனக்குப் போட்டார்கள், நன்றாகவே இறங்கியது. மேசன் வாசலில் உட்கார்ந்து, "பூசவா வேணாமா, செல்லுங்க ராத்தா, குழைச்சது இறுகுது" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். ராத்தா அதைக் காதில் வாங்காமல், போன வருடம் முறிந்த சம்பந்தத்தைப் பற்றி என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் இப்போதும் அடுத்த வளவில்தான் இருக்கிறாள், வெளியே வருவதேயில்லை என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன் ஒலித்தது. றிஸ்னா எடுத்தாள், பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"என்ன செல்றார்?"

"படம் ஒண்டு அனுப்பிரிக்கார்."

நாங்கள் மூவரும் தலையை நீட்டினோம். ஒரு சுவர். இரும்புக் கட்டிலின் மேல்தட்டுக்குப் பக்கத்தில், தலையணை முட்டும் இடத்தில் ஒரு சுவர். பச்சைச் சாயம் செதில் செதிலாக உரிந்து, உள்ளேயிருந்து உப்பு வெள்ளையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆணிகளில் ஆறேழு பேருடைய சட்டைகள். படம் கோணலாக இருந்தது, மூலையில் கட்டைவிரல் விழுந்திருந்தது. கீழே நீளமாக எழுத்து. றிஸ்னா படித்தாள்.

"இது எங்கட ரூம். நாலு வருசமா இந்தச் சுவரோடதான் தலைய வெச்சிப் படுக்கன். எங்கட மூத்த ராத்தாவுக்கு ஊடு கட்டி முடியுமட்டும் ரூம் மாற ஏலாது எண்டு இரிந்திட்டன். நீங்க அனுப்பின சுவரப் பாத்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்திச்சி. ஒருத்தருக்கும் இதக் காட்டினதில்ல. எங்கட உம்மாட்டயும் ராத்தாட்டயும் நான் கதைக்கன். ஒருத்தரும் ஊடு பாக்க வர மாட்டாங்க. நாளக் குறிக்கச் செல்லுங்க."

றிஸ்னா முகத்தை மூடிக்கொண்டாள். ராத்தா போனை வாங்கினார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார், இடது பக்கம் தள்ளினார், வலது பக்கம் தள்ளினார், மேலே தள்ளினார். எதையோ தேடினார்.

"இதில சன்னல் எங்க?"

"அந்த ரூமில சன்னல் இல்ல உம்மா. ஏசி மட்டும்தானாம். முந்தி ஒருக்காச் சென்னார்."

"நாலு வருசமாவா?"

"ஓம்."

"நாலு வருசமாச் சன்னல் இல்லாமயா அந்தப் புள்ள படுத்திரிக்கி?"

போனை மகளிடம் கொடுத்துவிட்டு அவர் எழுந்து அறைக்குள் போனார். பாதி சுரண்டிய சுவரின் முன்னால் நின்றார். குழைத்த சீமெந்தோடு மேசன் பின்னாலேயே வந்தார்.

"பூச வேணாம் பாஸ். இதில ஒரு சன்னல் வெட்டுங்க. பெருசா."

"இது கடல் பக்கம் ராத்தா. காத்தோட உப்பும் சேந்து உள்ள வரும்."

"வரட்டும்" என்றார் பௌசியா ராத்தா. "உடைங்க."